எங்கே நிற்கிறோம் என்று பார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள்

காட்பாடியில் மாலை நேரத்தில் நான் எடுக்கும் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கல்லூரியில் லினக்ஸ் (விண்டோஸ் போன்ற இன்னோர் இயங்குதளம்) படித்துத் தேறியவர்கள். தேர்வில் பதில் எழுதத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் "சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதாம், கொஞ்சம் பாருங்கள்" என்று யாராவது சொன்னால்தான் கை நடுங்கும். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி ஒன்றில் கணினிப் பொறுப்பில் இருக்கும் பையன், சத்துவாச்சாரியில் பரிசோதனைக்கூடத்தின் பில் கணினியைக் கவனித்துக்கொள்ளும் பெண், குடியாத்தத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற லுங்கி வியாபாரியின் மகன் என எல்லோருக்கும் ஒரே பயம்: எதையாவது தட்டி, எல்லாம் போய்விட்டால்?

பயம் நியாயமானதுதான். போகும். எனக்குப் போயிருக்கிறது, அந்தக் கதை பின்னால் வருகிறது.

கறுப்புத் திரையில் எழுத்தாக அடித்து லினக்ஸ் சர்வரை இயக்கும் கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதைப்போலவே இங்கே எழுதுகிறேன். குழப்பம் வரக்கூடிய இடங்களில் ஆங்கில எழுத்தை அடைப்புக்குறிக்குள் தருகிறேன். "எல்எஸ்" என்றால் விசைப்பலகையில் எல், எஸ் என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகள். "எல்எஸ் -எல்" என்றால் எல், எஸ், ஓர் இடைவெளி, ஒரு சிறு கோடு, எல். இடைவெளியை அலட்சியமாக நினைக்காதீர்கள். கறுப்புத் திரையில் அதுவும் ஓர் எழுத்து. பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டையும் லினக்ஸ் விடாப்பிடியாகப் பார்க்கும்.

பழகுவதற்கு அலுவலக சர்வர் வேண்டாம். விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், அதன் கட்டளைத் திரையான பவர்ஷெல்லை நிர்வாகியாகத் திறந்து "டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்" (wsl --install) என்று அடியுங்கள். கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்தால் உள்ளேயே உபுண்டு என்ற ஒரு வகை லினக்ஸ் கிடைக்கும். பரணில் கிடக்கும் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. கெட்டாலும் கேட்க ஆளில்லை.

கதவைத் திறப்பது

தொலைவில் இருக்கும் சர்வருக்குள் போகிற வழி எஸ்எஸ்எச். 1995இல் பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடினார்கள். அதன்பின் அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு யுலோனென் எழுதியதுதான் இது. அதற்கு முன் புழக்கத்தில் இருந்த டெல்நெட்டில் கடவுச்சொல் தபால் அட்டையில் எழுதி அனுப்பியதுபோல வெளிப்படையாகப் போகும்.

"எஸ்எஸ்எச்" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, உங்கள் பயனர் பெயர், @ குறி, சர்வரின் முகவரி ஆகியவற்றை ஒட்டி எழுதி என்டர் தட்டுங்கள். முதல் தடவை போகும்போது, இந்த இயந்திரத்தை எனக்குத் தெரியாது, நம்பலாமா என்று கேட்கும். முழுதாக "யெஸ்" என்று அடித்தால்தான் விடும். அடுத்துக் கடவுச்சொல் கேட்கும். இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். நீங்கள் தட்டும்போது திரையில் நட்சத்திரக் குறிகூட வராது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று நினைத்து மறுபடி மறுபடி தட்டி, மூன்று தடவை தவறி வெளியே தள்ளப்பட்டவர்களை ஒவ்வொரு வகுப்பிலும் பார்க்கிறேன். எழுத்துகள் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. தைரியமாக அடித்து முடியுங்கள்.

சில நாள் பழகியதும் கடவுச்சொல்லை விட்டுச் சாவிக்கு மாறுங்கள். "எஸ்எஸ்எச்-கீஜென் -டி இடி25519" (ssh-keygen -t ed25519) என்று அடித்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று பூட்டு, இன்னொன்று சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். பூட்டை எத்தனை சர்வர் கதவில் வேண்டுமானாலும் மாட்டலாம், யாரிடமும் கொடுக்கலாம். சாவி உங்கள் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது. கோப்பின் பெயர் ".பப்" என்று முடிந்தால் அது பூட்டு. பூட்டைக் கேட்டவருக்குச் சாவியை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போன மாணவர் எனக்கு உண்டு.

உள்ளே போனதும் வரியின் தொடக்கத்தில் ஓர் எழுத்துக்கோவை நிற்கும். பயனர் பெயர், @ குறி, சர்வரின் பெயர், முக்காற்புள்ளி, ~ என்ற அலைக்கோடு, கடைசியில் டாலர் குறி. பார்த்துப் பார்த்துப் பழகிக் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும் வரி இது. ஆனால் யார், எந்த இயந்திரம், எந்த இடம் என்ற மூன்றுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. டாலருக்குப் பதிலாக # குறி நின்றால் நீங்கள் ரூட், அதாவது தடுக்க ஆளில்லாத அதிகாரி.

இந்த ஒரு வரியைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஊரறிந்த கதை உண்டு. 2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் இரவு வேலையில் இருந்த பொறியாளர் ஒருவர், துணைச் சர்வரில் இருப்பதாக எண்ணிக்கொண்டு முதன்மைச் சர்வரின் தரவுத்தளக் கோப்புறையை அழிக்கத் தொடங்கினார். சுதாரித்து நிறுத்தியபோது சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபி மிஞ்சியிருந்தது. ஆறு மணி நேரத் தரவு திரும்பவே இல்லை. அந்த நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் உலகத்துக்கே சொன்னது. நம் அலுவலகங்களில் அப்படிச் சொல்லும் வழக்கம் இன்னும் வரவில்லை.

முகவரியும் மாவட்டப் பிரிவினையும்

நிற்கும் இடத்தைக் காட்டுவது "பிடபிள்யூடி" (pwd). அங்கே என்ன இருக்கிறது என்று காட்டுவது "எல்எஸ்". இடம் மாறுவது "சிடி" (cd). இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கச் சுற்றுங்கள். எதுவும் கெடாது, மூன்றும் எதையும் மாற்றாது.

முகவரி இரண்டு வகை. "காந்தி நகர்" என்று மட்டும் சொன்னால் நீங்கள் காட்பாடியில் நிற்கும்போது ஓர் இடம், சென்னையில் நிற்கும்போது வேறு இடம். "தமிழ்நாடு, வேலூர் மாவட்டம், காட்பாடி, காந்தி நகர்" என்று சொன்னால் எங்கிருந்து கேட்டாலும் ஒரே இடம். லினக்ஸில் / என்ற சாய்கோட்டில் தொடங்கினால் முழு முகவரி. அப்படித் தொடங்காவிட்டால் நிற்கும் இடத்திலிருந்து கணக்கு. இரண்டு புள்ளிகள் ஒரு படி மேலே போகச் சொல்லும். அலைக்கோடு உங்கள் வீட்டுக் கோப்புறை.

கோப்புறைகளை உண்டாக்கி, நகர்த்தி, பெயர் மாற்றிப் பழக எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு பயிற்சி கையிலேயே இருக்கிறது: மாவட்டப் பிரிவினை. லினக்ஸ் கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே ஏற்கும், ஆகவே கீழே வரும் ஊர்ப்பெயர்களை அப்படியே தமிழில் அடிக்கலாம்.

முதலில் "எம்கேடிஐஆர் வட-ஆற்காடு" (எம்கேடிஐஆர்: mkdir) என்று அடித்து ஒரு கோப்புறை உண்டாக்குங்கள். சொற்களுக்கு நடுவே நான் போட்டிருப்பது இடைவெளி இல்லை, சிறு கோடு. இடைவெளி விட்டால் "வட" என்று ஒன்று, "ஆற்காடு" என்று ஒன்று, இரண்டு கோப்புறைகள் பிறந்துவிடும். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே "எம்கேடிஐஆர் திருவண்ணாமலை" என்று பக்கத்திலேயே இன்னொன்று. மீதி இருந்த பகுதி பிறகு வேலூர் மாவட்டம் என்று பெயர் மாறியது. அதற்கு "எம்வி வட-ஆற்காடு வேலூர்". எம்வி பெயரும் மாற்றும், இடமும் மாற்றும். கடைசியில் நிற்கும் பெயரில் ஏற்கெனவே கோப்புறை இருந்தால் அதற்குள் கொண்டுபோய் வைக்கும், இல்லாவிட்டால் அந்தப் பெயரைச் சூட்டிவிடும்.

வம்பு இந்த இடத்தில்தான். "சிடி வேலூர்" என்று உள்ளே போய், ஆம்பூர், வாணியம்பாடி, ஆற்காடு, வாலாஜா, அரக்கோணம், காட்பாடி, குடியாத்தம் என்று ஏழு கோப்புறைகளை ஒரே எம்கேடிஐஆரில் வரிசையாக எழுதி உண்டாக்குங்கள். "சிடி .." என்று மேலே வாருங்கள். 2019இல் வேலூர் மூன்றானது. ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போக வேண்டும். திருப்பத்தூர் என்ற கோப்புறையை உண்டாக்க மறந்துவிட்டு "எம்வி வேலூர்/ஆம்பூர் திருப்பத்தூர்" என்று அடித்துப் பாருங்கள். ஒரு பிழைச் செய்தியும் வராது. ஆம்பூரே பெயர் மாறித் திருப்பத்தூர் ஆகிவிடும். பிரியாணிக் கடைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

"எம்வி திருப்பத்தூர் வேலூர்/ஆம்பூர்" என்று அடித்துப் பழையபடி ஆக்கிவிட்டு, திருப்பத்தூர் கோப்புறையை உண்டாக்குங்கள். இப்படி நடப்பதைத் தடுக்க "எம்வி -டி திருப்பத்தூர் வேலூர்/ஆம்பூர் வேலூர்/வாணியம்பாடி" (டி: t) என்று சேர வேண்டிய இடத்தை முன்னால் சொல்லிவிடுங்கள். அந்தப் பெயரில் கோப்புறை இல்லையென்றால் வேலையைச் செய்யாமல் குறை சொல்லி நிறுத்திக்கொள்ளும். இதேபோல ராணிப்பேட்டையை உண்டாக்கி ஆற்காடு, வாலாஜா, அரக்கோணத்தை அனுப்புங்கள். கடைசியில் "எல்எஸ் -பெரிய ஆர்" என்று அடித்தால் உள்ளே உள்ளவை எல்லாம் விரியும். வேலூரில் காட்பாடியும் குடியாத்தமும் மட்டும் இருக்க வேண்டும். இருந்தால் அரசாணை சரியாக நிறைவேறிவிட்டது.

பெயர்களை முழுதாக அடிக்காதீர்கள். இரண்டு எழுத்து அடித்து டேப் விசையைத் தட்டினால் மீதியை அதுவே நிரப்பும். நிரப்பாவிட்டால் அப்படி ஒன்று அங்கே இல்லை, அல்லது அதே தொடக்கத்தோடு இன்னொன்று இருக்கிறது. சோம்பலுக்கு வசதி என்பதைவிட, டேப் ஒரு சரிபார்ப்பு என்பதே எனக்கு முக்கியம். இன்னொன்று: இங்கே கன்ட்ரோல், சி இரண்டையும் சேர்த்துத் தட்டினால் நகல் ஆகாது, ஓடிக்கொண்டிருக்கும் வேலை நின்றுவிடும். நகலெடுக்கப் பெரும்பாலான லினக்ஸ் திரைகளில் ஷிஃப்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஆர்எம்

அழிப்பதற்கு ஆர்எம். குப்பைத்தொட்டி கிடையாது.

பல வருடங்களுக்கு முன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தோல் பொருள் கம்பெனிக்கு சர்வர் பார்த்துக்கொண்டிருந்தேன். மே மாதம், மதியம் மூன்று மணி. வேலூர்க்காரர்களுக்கு அந்த வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சர்வருக்கு ஏசி, எனக்கு மின்விசிறி. பில் கோப்புகள் இருக்கும் இடத்தில் "ஓல்டு" என்று தொடங்கும் பழைய நகல்கள் சேர்ந்துவிட்டன. அவற்றை அழிக்க நான் அடிக்க வேண்டியது "ஆர்எம் -ஆர்எஃப் ஓல்டு*". நட்சத்திரக் குறிக்கு, அதன் பிறகு எது இருந்தாலும் சரி என்று பொருள். வியர்வையில் வழுக்கியதோ, கவனம் எங்கே போனதோ, "ஓல்டு" என்பதற்கும் நட்சத்திரத்துக்கும் நடுவே இடைவெளிப் பட்டையை ஒருமுறை தட்டிவிட்டேன். என்டர்.

ஒரு நொடி. வரி திரும்பி வந்துவிட்டது. ஆர்எம் வாய் திறக்காது, வேலை முடிந்தால் மௌனம். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்ததே என்று தோன்றியதும் எல்எஸ் அடித்தேன். அதற்கும் மௌனம். காட்டுவதற்கு ஒன்றுமில்லை. "ஓல்டு என்ற பெயரில் ஏதாவது இருந்தால் அழி, கூடவே இங்கே இருக்கும் அனைத்தையும் அழி" என்றுதான் நான் ஆணையிட்டிருந்தேன்.

பத்து நிமிடத்தில் பக்கத்து அறையிலிருந்து கணக்கர் எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் காலையில் போட்ட பில் ஒன்றையும் காணோமே?"

"எதையும் காணோம் சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

முதல் நாள் இரவு எடுத்த நகல் வெளி டிஸ்க்கில் இருந்ததால் பிழைத்தேன். அன்றைக்குப் போட்ட நாற்பதுக்கும் மேற்பட்ட பில்களை கார்பன் தாளைப் பார்த்து அவர் படிக்கப் படிக்க நான் ஏற்றினேன். முடிக்கும்போது இரவு பதினொரு மணி. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. இரண்டு முறை டீ வாங்கிக்கொடுத்தார். திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஒரே பழக்கம். அழிக்க நினைப்பதை முதலில் எல்எஸ்ஸுக்குக் கொடுக்கிறேன்: "எல்எஸ் -டி ஓல்டு*" (இந்த டி: d). திரையில் வந்த பட்டியலைக் கண்ணால் படிக்கிறேன். சரியென்றால் மேல் அம்பு விசையைத் தட்டி அதே வரியை வரவழைத்து, முன்னால் இருக்கும் "எல்எஸ் -டி" என்பதை மட்டும் "ஆர்எம்" என்று மாற்றுகிறேன். நட்சத்திரத்தை விரித்துப் பெயர்ப் பட்டியலாக மாற்றுவது ஆர்எம் இல்லை, அதற்கு முன் உங்கள் வரியைப் படிக்கும் ஷெல். எல்எஸ்ஸுக்குக் கிடைத்த அதே பட்டியல்தான் ஆர்எம்முக்கும் கிடைக்கும். அதனால்தான் இந்த ஒத்திகை நம்பத்தக்கது. "-ஐ" சேர்த்தால் ஒவ்வொன்றையும் கேட்டுக்கேட்டு அழிக்கும், நாலைந்து கோப்புகளுக்கு அது போதும். "-எஃப்" என்பது கேட்காதே, முணுமுணுக்காதே என்ற கட்டளை. இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் அதை எல்லா இடத்திலும் ஒட்டவைத்திருப்பார்கள், நீங்கள் தேவையில்லாமல் சேர்க்காதீர்கள்.

ஆர்எம்மைப்போலவே ஓசையில்லாமல் அழிப்பது > என்ற குறி. ஒரு கட்டளையின் வெளியீட்டைக் கோப்பில் எழுத அதைப் போடுவோம். அந்தக் கோப்பு ஏற்கெனவே இருந்தால், கட்டளை ஓடத் தொடங்குவதற்கு முன்பே ஷெல் அதைக் காலியாக்கிவிடும். பட்டியலை வரிசைப்படுத்தி அதே பட்டியலில் எழுதலாம் என்று நினைத்தால் கடைசியில் வெறும் கோப்புதான் மிஞ்சும். கடைசியில் சேர்த்தெழுத >> என்று இரண்டு குறிகள் போட வேண்டும்.

படிப்பதும் தேடுவதும்

கோப்பைப் படிக்க "லெஸ்". அம்பு விசைகளால் நகரலாம், / அடித்துத் தேடலாம், வெளியே வர க்யூ. கடைசிப் பத்து வரிகளுக்கு "டெயில்". "டெயில் -எஃப்" என்று அடித்தால் கோப்பில் புது வரி எழுதப்பட எழுதப்படத் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு ஜன்னலில் இதை ஓடவிட்டு இன்னொன்றில் பிரச்சினையை மறுபடி நடத்திப் பாருங்கள். பாதி நோய்களுக்கு மருந்து அந்த ஓட்டத்திலேயே எழுதியிருக்கும்.

தேடுவதற்கு "கிரெப்": ஜி, ஆர், இ, பி. 1970களின் தொடக்கத்தில், லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்ப்சன் எழுதியது, இன்றும் நாள் தவறாமல் உதவுகிறது. "கிரெப் -ஐ எரர்" என்று அடித்துப் பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் பெரிய, சிறிய எழுத்து பார்க்காமல் பிழை வரிகளைப் பொறுக்கித் தரும். "-ஆர்" சேர்த்துக் கோப்புறையைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் எல்லாக் கோப்புகளிலும் தேடும். நான் இன்னொன்றும் சேர்ப்பேன்: "-பெரிய சி 3". பிழை வரிக்கு முன்னும் பின்னும் மூன்று வரிகள் வரும். காரணம் பெரும்பாலும் பிழை வரியில் இருக்காது, அதற்கு முந்தைய வரியில் இருக்கும்.

திருத்த "நானோ" போதும். கன்ட்ரோலும் ஓவும் சேமிக்கும், கன்ட்ரோலும் எக்ஸும் வெளியேற்றும். தெரியாமல் விஐ (vi) என்ற திருத்திக்குள் மாட்டிக்கொண்டால் எஸ்கேப், முக்காற்புள்ளி, க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். ஒட்டுத்தாளில் எழுதித் திரையோரம் ஒட்டிவையுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைத் திருத்துவதற்கு முன்பும் "சிபி" (cp) கட்டளையால் ஒரு நகல் எடுத்து, பெயரின் கடைசியில் அன்றைய தேதியைச் சேருங்கள்.

அனுமதிகளைப் பற்றிச் சுருக்கமாக. படிக்க 4, எழுத 2, இயக்க 1. கூட்டினால் ஓர் இலக்கம். உரிமையாளர், குழு, மற்றவர் என்று மூன்று இலக்கங்கள். கோப்புக்கு 644, கோப்புறைக்கு 755 என்பது பொதுவான தொடக்கம், எஸ்எஸ்எச் சாவிக்கு 600. இந்த இலக்கங்களை மாற்றும் கட்டளை "சிஎச்மோட்" (chmod). ஏதாவது திறக்கவில்லை என்றதும், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தருகிற "சிஎச்மோட் 777" போடச் சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள். வீட்டுச் சாவி தொலைந்ததற்குக் கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது.

டிஸ்க் நிரம்பினால்

முதல் மாணவர் தொடங்கிக் கடைசி மாணவர் வரை எல்லோருக்கும் ஒரு நாள் வரும் இந்த வேலையை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பில் போட முடியவில்லை, மின்னஞ்சல் வரவில்லை, எதற்கும் காரணம் தெரியவில்லை என்றால் முதலில் "டிஎஃப் -எச்" (df -h) அடியுங்கள். டிஸ்க்குகளின் பட்டியலில் எதாவது 100 சதவீதம் என்று நிற்கிறதா?

நின்றால் உடனே அழிக்கக் கிளம்பாதீர்கள். எது தின்கிறது என்று கண்டுபிடியுங்கள். "சிடி /வேர்" என்று போய் (வி, ஏ, ஆர் என்ற மூன்று எழுத்து) "சூடோ டியூ -எஸ்எச் * | சார்ட் -எச்" (sudo du -sh * | sort -h) என்று அடியுங்கள். சூடோ என்றால், இந்தக் கட்டளையை மட்டும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டு என்று பொருள். ஒவ்வொரு கோப்புறையும் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்பதைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கித் தரும். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோடு, முதல் கட்டளை சொன்னதை இரண்டாவதன் காதில் போடுகிற குழாய். கடைசி வரியில் இருக்கும் கோப்புறைக்குள் போய் அதையே மறுபடி அடியுங்கள். மூன்று நான்கு படிகளில் குற்றவாளி அகப்படும். பெரும்பாலும் மாதக்கணக்கில் வளர்ந்த ஒரு லாக் கோப்பு, அதாவது ஒரு நிரல் நடந்ததையெல்லாம் குறித்துவைக்கும் கோப்பு.

அதை ஆர்எம் செய்துவிட்டு மறுபடி டிஎஃப் பார்த்தால் அதே 100 சதவீதம். புதியவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம் இது. அந்தக் கோப்பில் எழுதிக்கொண்டிருந்த நிரல் இன்னும் அதைத் திறந்தே வைத்திருக்கிறது. நீங்கள் அழித்தது பெயரை மட்டும். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் குடியிருப்பவர் காலி செய்துவிடுவாரா? அந்த நிரலை மறுதொடக்கம் செய்தால் இடம் விடுபடும். எந்த நிரல் என்று தெரியாவிட்டால் "சூடோ எல்எஸ்ஓஎஃப் +பெரிய எல் 1" (sudo lsof +L1) சொல்லும். இந்தச் சுற்றே வேண்டாமென்றால், கோப்பை அழிக்காமல் "ட்ரங்கேட் -எஸ் 0" (truncate -s 0) என்று அடித்து அதன் பெயரைக் கொடுங்கள். கோப்பு இருக்கும், உள்ளே இருப்பது மட்டும் காலியாகும்.

டிஎஃப் இடம் இருக்கிறது என்கிறது, ஆனாலும் எழுத முடியவில்லை என்றால் "டிஎஃப் -ஐ" அடித்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கோப்புகள் லட்சக்கணக்கில் சேர்ந்து, பெயர் பதியும் ஏடு நிரம்பியிருக்கும்.

மின்சாரம் போனாலும் ஓட

பெரிய கோப்பு நகலாகிக்கொண்டிருக்கும்போது வீட்டில் மின்சாரம் போகும். சென்னை ரயிலில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தால் காட்பாடி தாண்டி எங்கோ ஓரிடத்தில் சிக்னல் போகும். இணைப்பு அறுந்தால், அதில் ஓடிக்கொண்டிருந்த வேலையும் பெரும்பாலும் சேர்ந்தே சாகும். அதற்குத்தான் "டிமக்ஸ்": டி, எம், யூ, எக்ஸ் (tmux). சர்வருக்குள் போனதும் "டிமக்ஸ்" என்று அடித்துவிட்டு அதற்குள் வேலையைத் தொடங்குங்கள். கன்ட்ரோலும் பியும் (b) தட்டி, விட்டு, டி (d) தட்டினால் வேலை ஓடிக்கொண்டே இருக்க நீங்கள் வெளியே வரலாம். திரும்பிப் போய் "டிமக்ஸ் அட்டாச்" என்றால் விட்ட இடத்தில் திரை நிற்கும். திரை திடீரென்று உறைந்துபோய் எதை அடித்தாலும் அசையவில்லை என்றால் இணைப்பைத் திட்டுவதற்கு முன் கன்ட்ரோலும் க்யூவும் தட்டிப் பாருங்கள். சேமிக்கும் பழக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் தட்டியிருப்பீர்கள், திரையை நிறுத்திவைக்கும் விசை அது.

ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுக்க "ஆர்சிங்க்" பழகுங்கள்: ஆர், எஸ், ஒய், என், சி. பாதியில் நின்றாலும் மறுபடி ஓட்டினால் ஏற்கெனவே போய்ச் சேர்ந்த கோப்புகளை விட்டு மீதியை மட்டும் அனுப்பும். "ஆர்சிங்க் -ஏவிஎன்" என்று எழுதி முதலில் மூலத்தையும் பிறகு சேருமிடத்தையும் கொடுங்கள். என் என்ற எழுத்து இருக்கும் வரை அது ஒத்திகை. என்ன செய்யப்போகிறேன் என்று பட்டியல் போடும், ஒன்றையும் தொடாது. பட்டியல் சரியென்றால் என் (n) என்ற எழுத்தை எடுத்துவிட்டு ஓட்டுங்கள். மூலத்தின் கடைசியில் / போட்டால் உள்ளே இருப்பவை மட்டும் போகும், போடாவிட்டால் கோப்புறையோடு போகும். "--டிலீட்" சேர்த்தால் மூலத்தில் இல்லாதவற்றைச் சேருமிடத்தில் அழித்துவிடும். இரண்டு முகவரிகளையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டு அதைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒத்திகை பார்க்காமல் நான் அதைத் தொடுவதே இல்லை.

தினமும் இரவில் நகல் எடுக்க "கிரான்டாப் -இ" (crontab -e) என்று திறந்து "0 2 * * *" என்று எழுதிப் பக்கத்தில் கட்டளையைக் கொடுத்தால் இரவு இரண்டு மணிக்கு ஓடும். எந்த ஊர் இரண்டு மணி? வாடகை சர்வர்கள் பலவும் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. அங்கே இரண்டு மணி என்றால் நமக்குக் காலை ஏழரை. "டேட்" என்று அடித்து சர்வரின் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நேரம் எழுதுங்கள். எடுத்த நகலிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துத் திறந்தும் பாருங்கள்.

வெளியே வருவது

எஸ்எஸ்எச்சின் அமைப்பையோ, உள்ளே வரும் இணைப்புகளை வடிகட்டும் ஃபயர்வாலையோ மாற்றும் நாளில் மட்டும் அவசரமாக வெளியே வராதீர்கள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குவதற்கு முன் "சூடோ யூஎஃப்டபிள்யூ அலவ் 22" (sudo ufw allow 22) என்று எஸ்எஸ்எச்சுக்கு வழி விடுங்கள். 22 என்பது எஸ்எஸ்எச் வழக்கமாகக் காதுகொடுக்கும் வாசல் எண். உங்கள் சர்வர் வேறு எண்ணில் காதுகொடுத்தால் அந்த எண். மாற்றத்தைச் செய்த ஜன்னலை அப்படியே திறந்து வைத்துக்கொண்டு, புதிதாக இன்னொரு ஜன்னலில் உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் பழைய ஜன்னல் வழியாகவே திருத்தலாம். அதையும் மூடிவிட்டால், சர்வர் இருக்கும் கட்டடத்துக்கு நேரில் போக வேண்டியதுதான், அல்லது வாடகைக்கு விட்டவரின் உதவி எண்ணில் காத்திருக்க வேண்டும்.

மற்ற நாட்களில் "எக்ஸிட்" அடித்தால் போதும், கன்ட்ரோலும் டியும் (d) அதையே செய்யும். ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குள் போயிருந்தால் ஒரு தடவை தட்டுவது முதல் சர்வரில்தான் கொண்டுபோய் விடும். @ குறிக்குப் பக்கத்தில் உங்கள் மடிக்கணினியின் பெயர் வரும் வரை தட்டுங்கள்.